முதுமையில் கடல் துடுப்புப் பயணம்

பாயும் இயந்திரமும் இல்லாமல், உடலின் வலுவை மட்டும் கொண்டு படகைச் செலுத்திப் பெருங்கடலைக் கடப்பது கடல் துடுப்புப் பயணம் எனப்படுகிறது. பதிவான வரலாற்றில் இதன் தொடக்கம் 1896ஆம் ஆண்டு. முதலில் பிழைப்புக்கு வழி தேடிய உழைப்பாளிகள் இதில் இறங்கினர். எழுபது ஆண்டுகள் கழித்துப் படைவீரர்கள் வந்தனர். 1997க்குப் பிறகு இல்லத்தரசிகள், அலுவலகப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள் என யாரும் முயலக்கூடிய ஒன்றாக இது மாறியது. இன்று இத்துறையில் அதிகம் பேசப்படும் பெயர்களில் சில, எழுபது வயதைக் கடந்தவர்களுடையவை.

இதே காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரையில் வேறொன்று நடந்தது. தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போனவர்கள் துடுப்பைக் கீழே வைத்தனர். ஒரு பக்கம் பாரமாக இருந்து கைவிடப்பட்ட உழைப்பு, இன்னொரு பக்கம் பெரும் பணம் செலவழித்துத் தேடிப்போகும் சாதனையாக ஆனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகப் புரியும்.

திசையன்விளைக் கரையோரம்

திசையன்விளை கடலோர ஊர் அல்ல. செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த சந்தை ஊர். ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உவரி. அதன் இருபுறமும் கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை எனக் கடற்கரை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இவ்வூர்களின் பழைய கலம் கட்டுமரம்.

கட்டுமரம் என்பது அதன் பெயர் சொல்வதுபோலவே, எடை குறைந்த மரத்தடிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. அதற்குப் பக்கச் சுவர் கிடையாது, உள்ளே தண்ணீர் தேங்கவும் வழியில்லை. அலை மேலே ஏறி மறுபக்கம் வழிந்துவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். துறைமுகமோ ஒதுங்க உப்பங்கழியோ இல்லாமல் நேரே அலை மோதும் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இருந்திருக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்துத் தம் பயண நூலில் எழுதினார். ஆங்கிலத்தில் இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு வழங்கும் 'கட்டமரான்' என்ற சொல் இங்கிருந்து போனதுதான், பொருள் மட்டும் வழியில் மாறிவிட்டது.

காற்று வாய்த்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. தென்மேற்குப் பருவக் காற்று வலுக்கும் மாதங்களில் அலையைத் தாண்டி மரத்தை வெளியே கொண்டுபோவதே பாதி வேலை. எந்த இடைவெளியில் அலை தணியும், எந்த நொடியில் மூன்று பேரும் ஒன்றாகத் துடுப்பைக் குத்த வேண்டும் என்பது வயதானவர்களின் கண்ணில் இருந்த அறிவு. உடல் தளர்ந்தவர்கள் கடலுக்குப் போவதை நிறுத்திக் கரையில் வலை பொத்துவதும் கரைவலை இழுப்பதும் வழக்கம். நிறுத்த முடியாதவர்கள் போய்க்கொண்டே இருந்தனர். அதை யாரும் சாதனை என்று சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இக்கரையோரத்தின் கட்டுமர வாழ்க்கையை உவரியைச் சேர்ந்த எழுத்தாளர் ஜோ டி குருஸ் 2004இல் வெளியான 'ஆழி சூழ் உலகு' நாவலில் விரிவாக எழுதியுள்ளார்.

1980களில் தென் மாவட்டங்களின் மீனவர்களிடையே பிளைவுட் வள்ளங்களும் படகின் பின்புறம் மாட்டும் சிறிய இயந்திரங்களும் பரவின. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி ஏராளமான கட்டுமரங்களைக் கொண்டுபோனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். துடுப்பின் காலம் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. இதற்காக வருந்துவது கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு எளிது. நாள் முழுவதும் துடுப்புப் போட்டு முதுகு ஒடிந்தவர்கள் இயந்திரத்தை மகிழ்ச்சியோடுதான் வரவேற்றனர்.

ஹார்போவும் சாமுவெல்சனும்

அட்லாண்டிக்கைத் துடுப்பால் முதலில் கடந்தவர்களும் இப்படிப்பட்ட உழைப்பாளிகள்தான். ஜார்ஜ் ஹார்போ, பிராங்க் சாமுவெல்சன் இருவரும் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். நியூஜெர்சிக் கரையில் சிப்பி அள்ளிப் பிழைத்தார்கள். பெருங்கடலைத் துடுப்பால் கடந்து காட்டினால், பிறகு ஊர் ஊராகப் படகைக் காட்சிக்கு வைத்துச் சம்பாதிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற பத்திரிகை அதிபரின் பெயரைத் தங்கள் 18 அடிப் படகுக்கு வைத்தனர்.

1896 ஜூன் 6 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்டனர். நடுக்கடலில் ஒருமுறை படகு கவிழ்ந்து உணவின் பெரும்பகுதி போயிற்று. கவிழ்ந்தால் பிடித்துத் திருப்புவதற்கென்று படகின் அடிப்பக்கத்தில் முன்கூட்டியே பொருத்திய கம்பிகள் அவர்களைக் காப்பாற்றின. வழியில் எதிர்ப்பட்ட கப்பல் ஒன்று உணவும் தண்ணீரும் கொடுத்தது. ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளை அடைந்தனர். எடுத்துக்கொண்ட நாட்கள் 55. அந்த வேகத்தை மிஞ்ச 2010 வரை யாராலும் முடியவில்லை. அப்போதும் மிஞ்சியது நான்கு பேர் கொண்ட குழு.

எதிர்பார்த்த பணம் மட்டும் வரவில்லை. இருவரும் பழைய பிழைப்புக்கே திரும்பினர்.

1966, 1969

அடுத்த முயற்சிக்கு எழுபது ஆண்டுகள் ஆயின. 1966இல் பிரிட்டிஷ் பாராசூட் படையைச் சேர்ந்த ஜான் ரிட்ஜ்வேயும் சே பிளைத்தும் அமெரிக்காவின் கேப் காட் பகுதியிலிருந்து புறப்பட்டு, மூன்று மாதங்களில் அயர்லாந்தின் அருகே ஒரு தீவில் கரையேறினர். அதே கோடையில் புறப்பட்ட இன்னொரு படகு 'பஃபின்'. அதில் இருந்த டேவிட் ஜான்ஸ்டன், ஜான் ஹோர் இருவரும் திரும்பவில்லை. கவிழ்ந்து மிதந்த படகைப் பின்னர் ஒரு கனடியப் போர்க்கப்பல் கண்டெடுத்தது. அதிலிருந்த நாட்குறிப்பின் கடைசிப் பதிவு செப்டம்பர் 3. ரிட்ஜ்வேயும் பிளைத்தும் கரை சேர்ந்ததும் அன்றுதான்.

1969இல் தனியாளாகவும் இது முடியும் என்று தெரிந்தது. ஜான் ஃபேர்ஃபாக்ஸ் கேனரித் தீவுகளிலிருந்து ஃபுளோரிடா வரை 180 நாட்களில் வந்தார். சில நாட்களிலேயே டாம் மெக்லீன் எதிர்த்திசையில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து சென்றார்.

இந்தியாவில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க துடுப்புப் பயணமும் அதே 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பினாகி சட்டர்ஜி, ராணுவ அதிகாரியான ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக் ஆகிய இருவரும் கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்கு வங்கக் கடலில் துடுப்பு வலித்துச் சென்றனர். படகுக்கு மராத்தியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் பெயரை வைத்திருந்தனர். பயணம் 33 நாட்கள் நீடித்தது. வங்காளத்தில் இன்றும் நினைவுகூரப்படும் இப்பயணம் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை.

சென்னையில் துடுப்பு ஒரு விளையாட்டாக அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. அடையாற்றில் பயிற்சி செய்யும் அதன் உறுப்பினர்கள் கொழும்புக் குழுவுடன் போட்டியிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வருகிறது. ஆனால் அது ஆற்றுத் துடுப்பு. கடற்கரை மீனவர்களின் துடுப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கட்டுமரத்தில் முன்னே பார்த்தபடி துடுப்புப் போடுவார்கள். போட்டிப் படகிலும் கடல் துடுப்புப் படகிலும் பின்னே பார்த்து அமர்ந்து தண்டு வலிக்க வேண்டும். வலிப்பவருக்குத் தெரிவது வந்த வழி மட்டும்.

1997க்குப் பின்

கடல் துடுப்பைப் பொது மக்களிடம் கொண்டுவந்தவர் 1966இல் கடந்த அதே சே பிளைத். 1997இல் கேனரித் தீவுகளின் டெனரிஃபிலிருந்து கரீபியனின் பார்படாஸ் வரை ஒரு போட்டியை நடத்தினார். ஒரே வடிவில் தயாரித்த பிளைவுட் பாகங்களை வாங்கி ஒவ்வொருவரும் தம் படகைத் தாமே கட்டிக்கொள்ளலாம். ஒரு படகுக்கு இருவர். முப்பது படகுகள் கிளம்பின. நியூசிலாந்தின் ராப் ஹாமிலும் பில் ஸ்டப்ஸும் 41 நாட்களில் வென்றனர்.

பாதையின் தேர்வு முக்கியமானது. கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே போகும்போது வணிகக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து தள்ளும். சூறாவளிக் காலம் முடிந்த குளிர்கால மாதங்களில் புறப்படுகிறார்கள். இப்போது பெரும்பாலான போட்டிகள் லா கொமேரா தீவிலிருந்து ஆன்டிகுவா வரை, ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். படகு சுமார் ஏழு மீட்டர் நீளம் இருக்கும். இரு முனைகளிலும் காற்றுப் புகாத சிறு அறைகள், அடியில் எடை. கதவுகளை மூடி வைத்திருந்தால் கவிழ்ந்த படகு தானாகவே நிமிர்ந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. ஹார்போவுக்கும் சாமுவெல்சனுக்கும் இவற்றில் எதுவும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்படகுகள் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. தேவைப்படுவது வெடித்தெழும் வேகமல்ல. இரண்டு மணி நேரம் வலித்து இரண்டு மணி நேரம் ஓய்ந்து, உப்புப் புண்ணோடும் தூக்கக் குறைவோடும் அதையே ஐம்பது, நூறு நாட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை. இதில் இருபது வயதுக்காரருக்குப் பெரிய முன்னிலை எதுவும் இல்லை. தவிர, படகு, பாதுகாப்புக் கருவிகள், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் பல பத்தாயிரம் பவுண்டு ஆகும். அந்தப் பணமும் இரண்டு மூன்று மாத ஓய்வும் யாரிடம் இருக்கும்? பிள்ளைகள் வளர்ந்து, வேலை முடிந்து, வீட்டுக் கடன் தீர்ந்தவர்களிடம். முதியவர்கள் இத்துறைக்கு வந்ததற்கு மன உறுதியைப் போலவே இந்தக் கணக்கும் காரணம்.

எழுபதைத் தாண்டியவர்கள்

1997 போட்டிக்காகத் தம் வீட்டு முன்தோட்டத்தில் படகு கட்டியவர்களில் ஒருவர் கிரஹாம் வால்டர்ஸ். இங்கிலாந்து அணிக்காகப் பந்து வீசிய கிரிக்கெட் வீரரான தம் தாத்தா ஜார்ஜ் கியரியின் பெயரை அதற்கு வைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே படகில், 72ஆவது வயதில் தனியாக மீண்டும் இறங்கினார். லா கொமேராவிலிருந்து கிளம்பி 2020 ஏப்ரல் இறுதியில் ஆன்டிகுவாவை அடைந்தபோது, கோவிட் ஊரடங்கால் உலகமே வீட்டுக்குள் இருந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே வழியில் வந்தார் ஓல்டாம் ஊர்த் தொழிலதிபர் பிராங்க் ராத்வெல். வயது 70, தனிப் பயணம், 56 நாட்கள். மறதி நோய் ஆராய்ச்சிக்காக அவர் திரட்டிய தொகை 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

பெண்கள் இதில் பின்தங்கவில்லை. தனியாக அட்லாண்டிக்கைத் துடுப்பால் கடந்த முதல் பெண் அமெரிக்காவின் டோரி மர்டன், 1999 டிசம்பரில். அடுத்த மாதமே 55 வயதான டயானா ஹாஃப் கடந்தார். ரோஸ் சாவேஜ் லண்டனில் ஆலோசனை நிறுவன வேலையில் இருந்தவர். முப்பதுகளில் ஒருநாள் தமக்கான இரங்கல் குறிப்பை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தார். ஒன்று, போய்க்கொண்டிருந்த வாழ்க்கை முடிந்தால் எப்படி இருக்கும் என்று. மற்றது, விரும்பிய வாழ்க்கைக்கு. பிறகு வேலையை விட்டார். 38 வயதில், 2006இல் அட்லாண்டிக்கை முடித்தபோது அவருடைய நான்கு துடுப்புகளும் உடைந்து கட்டுப்போடப்பட்டிருந்தன. தொடர்ந்து பசிபிக்கையும், 2011இல் பெர்த் நகரிலிருந்து மொரீஷியஸ் வரை இந்தியப் பெருங்கடலையும் கடந்தார்.

இவர்கள் எல்லோரையும்விட வியப்பளிப்பவர் போலந்தின் அலெக்சாண்டர் டோபா. 1946இல் பிறந்தவர். இரசாயனத் தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்த்தவர். முப்பதுகளின் நடுவில்தான் கயாக் எனப்படும் ஒற்றையாள் துடுப்புப் படகைத் தொட்டார். அட்லாண்டிக்கை அதில் மூன்று முறை கடந்தார். முதல் பயணம் 2010–11இல் செனகலிலிருந்து பிரேசிலுக்கு, 99 நாட்கள். இரண்டாவது லிஸ்பனிலிருந்து ஃபுளோரிடாவுக்கு. சுக்கான் பழுதாகி நடுவே பெர்முடாவில் ஒதுங்க நேர்ந்தது. மூன்றாவது 2017இல் நியூஜெர்சியிலிருந்து பிரான்சுக்கு, 110 நாட்கள். 71ஆவது பிறந்த நாளுக்கு ஆறு நாள் முன்னதாகக் கரை ஏறினார். உப்பேறிய துணி தோலை அறுத்ததால் நடுக்கடலில் ஆடையின்றியே துடுப்புப் போட்டார் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. 2021 பிப்ரவரியில் கிளிமஞ்சாரோ மலையின் உச்சியை அடைந்து, படம் எடுத்துக்கொள்ளும் முன் சற்று ஓய்வு கேட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார்.

இத்தகைய கதைகளை மட்டும் சொன்னால் படம் பொய்யாகிவிடும். பிரான்சின் ஜான் ஜாக் சாவின் 2019இல், 72 வயதில், துடுப்போ பாயோ இல்லாத பெரிய மிதவைப் பீப்பாயில் அட்லாண்டிக்கைக் கடந்து புகழ் பெற்றவர். 2022 தொடக்கத்தில் 75ஆவது வயதில் துடுப்புப் படகில் போர்த்துகலிலிருந்து புறப்பட்டார். அசோர்ஸ் தீவுகளின் அருகே படகு கவிழ்ந்து கிடந்தது. அவர் இறந்துபோனார். தொலைபேசி, அபாய ஒலிபரப்பி, தானாக நிமிரும் படகு எல்லாம் அபாயத்தைக் குறைக்கின்றன, நீக்குவதில்லை. எழுபதைத் தாண்டிய உடல் குளிரிலும் விபத்திலும் இளைய உடலைப்போல மீண்டு வருவதும் இல்லை.

உடல் எவ்வளவு தாங்கும்

வயது ஏறத் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. எனவே வாழ்நாள் முழுவதும் பயிற்சி செய்தவர்களால்தான் முதுமையில் துடுப்பு வலிக்க முடியும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கன் அதைச் சந்தேகிக்க வைத்தவர். ரொட்டி சுடுபவராகவும் பேட்டரி செய்பவராகவும் உழைத்த அவர் 73 வயதில்தான் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் முதன்முறையாக உட்கார்ந்தார். பிறகு தம் வயதுப் பிரிவில் நான்கு முறை உலக உள்ளரங்கத் துடுப்புப் போட்டியில் வென்றார். 92 வயதில் ஆய்வாளர்கள் அவரைப் பரிசோதித்தபோது உடல் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு தசையாகவும் 15 விழுக்காடு கொழுப்பாகவும் இருந்தது. இயந்திரத்தில் உச்ச உழைப்பின்போது இதயம் நிமிடத்துக்கு 153 முறை துடித்தது. அவருடைய அன்றாடப் பயிற்சி சராசரியாக நாற்பது நிமிடம், பெரும்பகுதி மெதுவான வேகத்தில். ஒரே மனிதரைக் கொண்டு எல்லோருக்கும் விதி சொல்ல முடியாது. ஆனால் எழுபதுக்குப் பிறகும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுகள் குறைவு.

தண்டு வலித்தலில் பெரும்பங்கு வேலை செய்வது கையல்ல, கால். இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் நகர்வதால் கால்கள் உதைத்துத் தள்ளுகின்றன. முதுகும் கையும் தொடர்கின்றன. மூட்டில் உடல் எடை விழுவதில்லை என்பதால் ஓட முடியாதவர்களும் இதைச் செய்ய முடிகிறது. உலகத் துடுப்புச் சம்மேளனத்தின் முதுநிலைப் போட்டிகள் 27 வயதிலேயே தொடங்கி, வயதுப் பிரிவுகளாக எண்பதையும் தாண்டிப் போகின்றன. அவற்றின் தூரம் 1,000 மீட்டர்.

தமிழ்க் கடல்

தமிழகத்தில் இதுபோன்ற துடுப்புப் பயணங்கள் பெருகாததற்கு வலுவான காரணம் எல்லை. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை இருக்கிறது. போர்க்கால ஆண்டுகளில் அங்கே சிறு படகு என்றாலே சந்தேகம். இன்றும் கடக்க விரும்புபவர் இரு நாடுகளின் அனுமதியையும் பெற வேண்டும்.

இருந்தும் இக்கடல் சாதனை முயற்சிகளுக்குப் புதியதல்ல, பெரும்பாலும் அவை நீச்சலாக இருந்தன. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். 1966இல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971இல் போகவும் வரவும் சேர்த்து நீந்தினார். 1994இல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் கடந்தது செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது.

அந்தப் பட்டியலில் முதிய வயதுக்கான கதவைத் திறந்தவர் ஹைதராபாத்தின் சியாமளா கோலி. அனிமேஷன் படத் துறையில் இருந்து, தொழிலில் நொடித்து, மனச்சோர்விலிருந்து மீள நாற்பதுகளில் நீச்சல் கற்றுக்கொண்டவர். 2021 மார்ச்சில், நாற்பதுகளின் பிற்பாதியில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டரை 13 மணி 43 நிமிடத்தில் நீந்தினார். அந்த நீரிணையை நீந்திய இரண்டாவது பெண் அவர் என்று செய்திகள் குறிப்பிட்டன. 52ஆவது வயதில் விசாகப்பட்டினத்திலிருந்து காக்கிநாடா வரை வங்கக் கடலில் 150 கிலோமீட்டரை நாளுக்குச் சில மணி நேரமாகப் பிரித்து நீந்தி, 2025 ஜனவரி தொடக்கத்தில் கரை சேர்ந்தார்.